நாயும் காக்கையும் காத்த இடம்

அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. இலங்கை மலைநாட்டில், கினிகத்தேனையிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் போகும் ரோட்டில் பாதி வழியில் பிரிந்து மேலே ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். அப்போது எனக்குக் கல்யாணமாகிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. நான் கொழுந்து பறித்தேன். என் வீட்டுக்காரர் மண்வெட்டி வேலைக்காரர். மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுவது, பழைய மரங்களைப் பிடுங்குவது, மதகுக்குக் கல் அடுக்குவது எல்லாம் அவர் வேலை.

உதவி செய்தவர்களைப் பற்றிய இந்தப் பத்திரிகைப் பக்கத்துக்கு எழுதுகிறவர்கள் ரயிலில் விட்ட பையைத் திருப்பிக் கொடுத்தவரையும், மயங்கி விழுந்தபோது சோடா வாங்கித் தந்தவரையும் பற்றி எழுதுகிறார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் எழுதப் போவது ஒரு கல்லைப் பற்றி. கல்லைப் பற்றி என்ன இருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.

எங்கள் தோட்டத்தின் கீழ் எல்லையில் ஒரு ஓடை ஓடியது. ஓடைக்கு அந்தப் பக்கம் சிங்களவர்களின் கிராமம், இந்தப் பக்கம் எங்கள் கீழ்மலை. அந்த ஓடைக்கரை மேட்டில், தேயிலைக்கு நடுவே, நாலு பக்கமும் செதுக்கிய ஒரு கல் தூண் நின்றது. என் நெஞ்சு உயரம் இருக்கும். ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். மூன்று பக்கமும் என்னென்னவோ எழுத்து. மேலே சூரியனும் பிறையும். எழுத்து முடிகிற இடத்தில் ஒரு நாயும் ஒரு காக்கையும் செதுக்கியிருந்தது.

நாயைப் பார்த்தால் எங்கள் ஆட்களுக்கு வேறு யார் ஞாபகம் வரும்? வைரவர்தான். காக்கையைப் பார்த்தால் சனீஸ்வரன். ஆக அந்தக் கல்லில் இரண்டு சாமிகள் குடியிருப்பதாக முடிவாகிவிட்டது. யார் முடிவு செய்தார்கள், எப்போது செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. நான் அந்தத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபோதே சனிக்கிழமை தோறும் அங்கே எள் எண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மஞ்சளும் எண்ணெயும் சந்தனமும் பூசிப் பூசி, எழுத்து இருந்த பக்கங்கள் கறுத்துத் தடித்துப்போயிருந்தன. எழுத்தெல்லாம் மந்திரம், அதை வாய்விட்டுப் படித்தால் ரத்தம் கக்குவோம் என்று, நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளில் ஒருத்தி சொல்வாள். நல்ல வேளையாக அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் எங்களிடம் இல்லை.

இதில் ஒரு சண்டையும் உண்டு. மேல் லயத்தார் அது முதலில் வைரவர், சனீஸ்வரன் துணைக்கு வந்தவர் என்பார்கள். நாங்கள் கீழ் லயத்துக்காரர்கள் காக்கைதான் மேலே இருக்கிறது, அதனால் சனீஸ்வரனுக்கே முதல் விளக்கு என்போம். ஒரு வருடம் வடைமாலையை முதலில் யார் போடுவது என்று தொடங்கி, இரண்டு லயமும் பீலிக்கரையில்கூடப் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தது. தண்ணீர் பிடிக்கப் போகிற இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

எனக்கு அந்தச் சண்டையில் அக்கறை இல்லை. நான் அங்கே போவதற்குக் காரணம் வேறு.

என் முதல் பிள்ளை பெண். தவழத் தொடங்கியிருந்தாள். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலும் வயிற்றோட்டமும் கண்டு போய்விட்டாள். அந்தப் பக்கத்து மழை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பிடித்தால் விடாது. தோட்டத்தின் மயானம் ஓடையைத் தாண்டி, கிராமத்துக்கு முன்னால் ஒரு துண்டு நிலத்தில் இருந்தது. ஓடை பெருகி, பாலத்தின் மேலாகத் தண்ணீர் போனது. தாண்ட முடியாமல் ஆண்கள் பிள்ளையை அந்தக் கல்லுக்குக் கொஞ்சம் தள்ளி, மேட்டிலேயே அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள்.

பொம்பளைகள் மயானத்துக்குப் போகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. நான் வாசலோடு நின்றுவிட்டேன். எங்கே வைத்தார்கள் என்று கேட்கவும் இல்லை. கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன என்று இருந்தது. கொஞ்ச மாதம் கழித்து, ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ஒரு முள்முருங்கக் குச்சி நட்டு வச்சேன். துளுத்திருச்சு.”

அவ்வளவுதான். அந்தச் சனிக்கிழமை கல்லுக்கு விளக்கேற்றப் போன பெண்களோடு நானும் போனேன். கல்லுக்கு மேற்கே, தேயிலை வரிசைக்கு நடுவில், இலை விட்டு நின்றது அந்தக் குச்சி. எனக்கு மயானத்துக்குப் போகத்தான் தடை. சாமி கும்பிடப் போவதற்கு யார் தடை சொல்ல முடியும்? அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமையும் நான் விட்டதில்லை. கூட வந்த பெண்களுக்கு விஷயம் தெரியும். ஒருத்தியும் வாய் திறந்து கேட்டதில்லை. கும்பிட்டு முடிந்ததும், விளக்கு அணைகிற வரைக்கும் நீ பார்த்துக்கொண்டு வா என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விடுவார்கள்.

இப்படி இருக்கையில் ஒருநாள் காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை ஒரு செய்தி சொன்னார். ஆட்களைக் கூட்டி நிறுத்தி அன்றன்றைக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற இடம்தான் பெரட்டுக்களம், நல்லதும் கெட்டதும் அங்கேதான் காதில் விழும். கீழ்மலைத் தேயிலை கிழடாகிவிட்டது, முழுதும் பிடுங்கிவிட்டுப் புதுக்கன்று நடத் துரை உத்தரவு போட்டிருக்கிறார் என்றார். கல்லைப் பற்றி ஒன்றும் கவலைப்பட வேண்டாம், அதைப் பெயர்த்து மேலே மாரியம்மன் கோயிலடியில் நட்டுவிடலாம் என்றும் சொன்னார்.

ஆட்களுக்கு அது சந்தோஷம்தான். ஓடைவரை இறங்கி அட்டைக் கடி படாமல் வீட்டுப் பக்கத்திலேயே கும்பிடலாமே. மேல் லயத்தார் அப்போதே வைரவருக்கு எந்தப் பக்கம் வாசல் வைப்பது என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். நான் மட்டும் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிடுங்குகிற கூட்டத்தில் என் வீட்டுக்காரர் பெயரும் இருந்தது.

தேயிலைச் செடியைப் பிடுங்குவது என்றால் கீரை பிடுங்குவது போல என்று நினைக்காதீர்கள். வேர் ஆழத்துக்குத் தோண்டி, நிலத்தையே புரட்டிப் போடுவார்கள். நிழலுக்கு நிற்கிற முள்முருங்கையையும் விடமாட்டார்கள். அன்று இரண்டு வேளையும் அவர் சோற்றில் கை வைக்கவில்லை. மறுநாள் அவராகவே கணக்கப்பிள்ளையிடம் போனார். யாரிடமும் போய் எதையும் கேட்டறியாத மனிதர். அந்த ஒரு மூலையை மட்டும் விட்டுவிட முடியுமா என்று கேட்டிருக்கிறார். கணக்கப்பிள்ளை கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவர் சொன்னது உண்மைதான், அதனால்தான் அப்படி வலித்தது.

“இந்த மல பூரா எலும்புதாம்ப்பா. ஒவ்வொண்ணுக்கும் எடம் விட்டா தேயிலய எங்க நடுறது?”

வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொல்லிவிட்டு, அவர் மண்வெட்டியை எடுத்துத் துடைத்து வைத்தார். என்னைப் பேசவிடாமல் செய்வது லேசான காரியம் இல்லை. எங்கள் லயத்தில் என் வாய்க்குப் பயந்து கங்காணிகூடச் சுற்றிப் போவார். அன்றைக்கு எனக்குப் பேச்சு வரவில்லை.

முதலில் கல்லைத்தான் பெயர்க்கப் போனார்கள். சுற்றிலும் மண் தோண்டிக்கொண்டிருக்கும்போது, ஓடைக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த கிராமத்துப் புத்த கோயிலான பன்சலையின் பிக்கு அதைப் பார்த்திருக்கிறார். நேரே துரையின் பங்களாவுக்குப் போனார். அது பழைய காலத்துக் கல், அரசாங்கத்தாருக்குத் தெரியாமல் கை வைக்கக்கூடாது என்று சொன்னாராம். துரைக்கு எரிச்சல். ஆனாலும் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே, வேலையை நிறுத்திவிட்டார். கண்டியிலிருந்து பழம்பொருள் பார்க்கிற மாத்தயா ஒருவர் வரப்போகிறார் என்று பேச்சு வந்தது. நாம் ஐயா என்பதைத்தான் சிங்களத்தில் மாத்தயா என்பார்கள்.

எங்களுக்குப் பிரஜாவுரிமை இல்லை. நீங்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று சட்டம் போட்டே சொல்லியாகிவிட்டது. ஓட்டும் போயிற்று. கலவரக் காலத்தில் காட்டுக்குள் ஒளிந்தவர்களும் எங்களில் இருந்தார்கள். இப்போது சாமியையும் பிடுங்கிக்கொண்டு போக வருகிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மேல் லயமும் கீழ் லயமும் அன்றைக்குத்தான் ராசியாயின. கல்லைச் சுற்றி உட்கார்ந்துவிடுவோம், யார் வந்தாலும் எழுந்திருக்கக்கூடாது என்று பேசிக்கொண்டார்கள்.

ஜீப் வந்தது. ஒல்லியான ஒரு மனிதர், மூக்குக் கண்ணாடி, வெள்ளைக் கால்சட்டை, அதில் முழங்கால் வரைக்கும் சேறு. கூடவே வேலையாட்கள் இரண்டு பேர். கணக்கப்பிள்ளை முன்னால் ஓடி வழி காட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் கல்லைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். மாத்தயா எங்களைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். பிறகு குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். காலுறையையும் கழற்றினார். அட்டை ஊர்கிற அந்த ஈரப் புல்லில் வெறுங்காலோடு வந்து எங்கள் முன்னால் நின்றார்.

“தங்கள் தெய்வத்தை நான் கழுவலாமா?”

தமிழில் கேட்டார். அதுவும் எப்படிப்பட்ட தமிழ்! கோயிலில் புராணம் படிக்கிறவர்கூட அப்படிப் பேசமாட்டார். பழைய கல்வெட்டுகளைப் படிப்பதற்காகத் தமிழ் கற்றவராம். ராஜாக்கள் பேசிய தமிழ்தான் அவருக்குத் தெரியும், கொத்தமல்லி வாங்குகிற தமிழ் தெரியாது. பின்வரிசையில் இருந்த பிள்ளைகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தோட்டத்தில் எங்களிடம் உத்தரவு போட்டவர்கள்தான் உண்டு. கல்லாகட்டும் மரமாகட்டும் எங்கள் வீடே ஆகட்டும், ஒன்றைத் தொடுவதற்கு முன் எங்களிடம் ஒருவர் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் எழுந்து, கழுவுங்க என்று சொன்னேன். நான் எழுந்ததும் மற்றவர்களும் எழுந்தார்கள்.

கழுவுவதற்கே வெகு நேரம் பிடித்தது. அத்தனை வருட எண்ணெய், அத்தனை வருட மஞ்சள். வெந்நீரை ஊற்றி, மெல்லிய நாரால் துடைத்துத் துடைத்து எடுத்தார்கள். பிறகு கல்லின் மேல் ஈரக் காகிதத்தை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி, மையை ஒற்றினார்கள். காகிதம் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் எழுந்து வந்தது. மாத்தயா அதை வெயிலில் பிடித்துக்கொண்டு உதடு அசையப் படித்தார். அவர் ரத்தம் கக்கவில்லை. லயத்தில் அப்படிச் சொல்லித் திரிந்தவளுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்.

பிறகு எங்களை உட்காரவைத்து விளக்கம் சொன்னார். தமிழில் தொடங்குவார், வார்த்தை கிடைக்காத இடத்தில் சிங்களத்துக்குத் தாவுவார். எங்களில் பாதிப் பேருக்குச் சிங்களம் நன்றாகவே வரும். எனக்குக் கிராமத்துப் பெண்களிடம் பலாக்காயும் வெற்றிலையும் வாங்கிப் பழகி வந்தது. அவர் சொன்னது இதுதான். அது சாமிக் கல் இல்லை. வெகு காலத்துக்கு முன்னால் ஒரு ராஜா போட்ட கட்டளை. இந்த எல்லைக்குள் ராஜாவின் அதிகாரிகள் நுழையக்கூடாது. இங்கே உள்ளவர்களின் மாட்டையோ வண்டியையோ பிடித்துக்கொண்டு போகக்கூடாது. அடைக்கலம் என்று இந்த எல்லைக்குள் வந்துவிட்டவர்களை யாரும் வெளியே இழுக்கக்கூடாது. சூரியனும் சந்திரனும் இருக்கிற வரைக்கும் இது செல்லும். மீறுகிறவன் நாயாகவும் காக்கையாகவும் பிறப்பான். அதற்குத்தான் நாயும் காக்கையும்.

வைரவரும் இல்லை, சனீஸ்வரனும் இல்லை, சாபம்! இதற்காகவா பீலிக்கரையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றோம்? மேல் லயத்துப் பெண் ஒருத்தி, அப்படியானால் இத்தனை காலம் நாங்கள் யாரைக் கும்பிட்டோம் என்று அழாத குறையாகக் கேட்டாள்.

மாத்தயா அவளைக் கையைப் பிடித்து எழுப்பாத குறையாக, வாருங்கள் என்று கல்லுக்குப் பின்னால் அழைத்துப் போனார். நாங்கள் கும்பிடாத பின்பக்கம். மழையும் பாசியும் அரித்து அங்கே மொழுமொழுவென்று ஒன்றுமே இல்லை. அங்கேயும் எழுத்து இருந்திருக்க வேண்டும், போய்விட்டது என்றார். முன்பக்கத்தைத் தடவிக் காட்டினார். நீங்கள் பூசிய எண்ணெய்தான் இதைக் காப்பாற்றியிருக்கிறது, நீங்கள் கும்பிட்டதால்தான் இந்தக் கட்டளை இன்னும் உயிரோடு இருக்கிறது என்றார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். எல்லோருக்கும் ஆறுதலாக இருந்தது.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன்.

மறுநாள் நான் பக்கத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் நிறுவைக்குப் போனபோது கணக்கப்பிள்ளை யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. கல் பெறுமதியானதாம். தோட்டம் நிலத்தைப் புரட்டப் போவதால், கல் இங்கே இருந்தால் சேதமாகும் என்று மாத்தயா அதைக் கண்டிக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாக வைக்கப் போகிறாராம். லொறி வந்ததும் கல் போய்விடும். அதற்கு மறுநாளே கீழ்மலையில் பிடுங்குகிற வேலை தொடங்கிவிடும்.

நான் கொழுந்தைக்கூட நிறுக்கவில்லை. முதுகில் கூடையோடு அப்படியே இறங்கினேன். பின்னால் கங்காணி கத்தினார். திரும்பிப் பார்க்கவில்லை. மாத்தயா கல்லடியில் உட்கார்ந்து எதையோ பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். என் வேகத்தைப் பார்த்து எழுந்துவிட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தையெல்லாம் சேர்த்துப் பேசத் தொடங்கினேன். பலாக்காய் வாங்குகிற சிங்களத்தில் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? பாதியிலேயே என் பாஷைக்கு வந்துவிட்டேன்.

“கல்லப் பத்தரமா கொண்டு போயிருவீங்க மாத்தயா. எம் புள்ளய என்னா செய்வீங்க? அவளும் இங்கதான் இருக்கா.”

அவருக்கு விளங்கவில்லை. நான் முள்முருங்கையைக் காட்டினேன். அதற்குள் அது ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. மழையில் வைத்ததையும், நாங்கள் பொம்பளைகள் மயானத்துக்குப் போகக்கூடாது என்பதையும், கல் இருக்கிறபடியால்தான் நான் வர முடிகிறது என்பதையும் சொன்னேன். நாளைக்கு அந்த இடத்தைத் தோண்டப் போகிற மண்வெட்டி அவளைப் பெற்றவர் கையில்தான் இருக்கும் என்றும் சொன்னேன். கோபமாகத்தான் சொன்னேன். கெஞ்சத் தெரியாத பிறவி நான்.

அவர் மரத்தைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச தூரம் நடந்து போய்த் திரும்பி வந்தார். தலையை மட்டும் அசைத்துவிட்டு, குனிந்து பெட்டியைப் பூட்டத் தொடங்கினார். அவ்வளவுதான், பெரிய மனிதர்கள் எல்லாம் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு மலைக்கு ஏறினேன். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனேன்.

மறுநாள் காலையில் லொறி வரவில்லை. துரைதான் வந்தார், மோட்டார் சைக்கிளில். நாங்கள் மேலே வேலை செய்துகொண்டே பார்த்தோம். கை கொழுந்தில் இருந்தாலும் கண் கீழேதான். மாத்தயாவும் துரையும் இங்கிலீசில் பேசினார்கள். துரை கையை வீசி வீசிப் பேசினார், மாத்தயா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசினார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு கணக்கப்பிள்ளை வாயால் தெரிந்தது. எல்லைக் கல்லை அதன் எல்லையிலிருந்து எடுத்தால் அதற்கு அர்த்தமே இல்லை, கல் நின்ற இடத்திலேயே நிற்கட்டும், அதைச் சுற்றியுள்ள நிலத்தை அரசாங்கப் பாதுகாப்பில் வைக்கப் போகிறோம் என்று மாத்தயா சொல்லியிருக்கிறார். துரை முறையிடக் கண்டிக்குப் போனாலும் கொழும்புக்குப் போனாலும் தன் முடிவு இதுதான் என்றாராம். துரைக்குக் கல்லை வைத்து வாதாட நேரமில்லை. எங்கே குறிக்க வேண்டுமோ குறித்துவிட்டுப் போ என்று விட்டுவிட்டார்.

முளை அடிக்க ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். கணக்கப்பிள்ளை கண்ணில் பட்ட ஆளை அனுப்பினார். அது என் வீட்டுக்காரர்.

கயிறு பிடித்தார்கள். கல்லுக்குக் கிழக்கே ஒரு முளை, ஓடைப்பக்கம் ஒரு முளை. மேற்கே வந்தபோது மாத்தயா நிற்கவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டே இருந்தார். முள்முருங்கையைத் தாண்டினார். தாண்டி இன்னும் கொஞ்சம் போய், அங்கே நின்று, இங்கே அடி என்று காலால் காட்டினார். அந்தப் பக்கம் கயிறு கோணலாகப் போனது மேலே இருந்து பார்த்த எனக்கே தெரிந்தது. துரைக்குத் தெரியாமல் இருக்குமா? எதற்கு இவ்வளவு தூரம் என்று கேட்டார். மாத்தயா என்னவோ பதில் சொன்னார். இந்தப் பக்கம் நிலத்தடியில் பழைய காலத்தது ஏதாவது இருக்கக்கூடும், யாரும் தோண்டக்கூடாது என்று சொன்னதாகக் கணக்கப்பிள்ளை பின்னால் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. அவருக்குத் தெரியும்தானே.

என் வீட்டுக்காரர் அந்த முளையை அடித்தார். அடித்த முளையையே திரும்பத் திரும்ப அடித்தார். போதும் என்று மாத்தயா தோளைத் தொட்ட பிறகுதான் நிறுத்தினார். பிள்ளை போன அன்றைக்கும் அழாத மனிதர், அந்த முளையடியில் குந்தி உட்கார்ந்து, முகத்தைத் தலைப்பாகைத் துணியில் புதைத்துக்கொண்டு அழுதார். நான் மேலே தேயிலைக்குள் நின்று அழுதேன். பக்கத்து நிரையில் நின்றவள் என் கூடையிலும் சேர்த்துக் கொழுந்து எடுத்துப் போட்டாள்.

அவர்கள் ஜீப்பில் ஏறப் போகிற நேரம், நான் தேத்தண்ணியும் கருப்பட்டித் துண்டும் கொண்டு போனேன். எங்கள் வீட்டில் இருந்தது அதுதான். முதல்நாள் வழியெல்லாம் திட்டிக்கொண்டு போனது ஞாபகம் வந்து வெட்கமாக இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன். துரையிடம் எனக்காகப் பொய் சொல்லவேண்டி வந்துவிட்டதே என்று சிங்களத்தில் சொல்லிப் பார்த்தேன். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்து யோசித்து, அந்த ராஜாக்கள் தமிழிலேயே பதில் சொன்னார்.

“பொய் இல்லை, அம்மா. அடைக்கலம் புகுந்தோரை வெளியேற்றலாகாது. கல்லில் எழுதியிருப்பதைத்தான் செய்தேன்.”

தேத்தண்ணியை முழுதும் குடித்தார். கருப்பட்டியில் பாதியைக் கடித்துவிட்டு மீதியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஜீப் போய்விட்டது. அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அந்த நேரத்தில் அதெல்லாம் யாருக்குத் தோன்றும்?

கொஞ்ச நாளில் பலகை வந்தது. சிங்களத்திலும் இங்கிலீசிலும் எழுதியிருந்தது. அந்த எழுத்துகள் எங்களுக்கு வாசிக்கத் தெரியாது என்று, அதைக் கொண்டுவந்து நட்ட வேலையாள் வாசித்துக் காட்டினார். இந்த எல்லைக்குள் தோண்டுவதும், மண் அள்ளுவதும், மரம் செடிகளைச் சேதப்படுத்துவதும் குற்றம். கீழ்மலை முழுதும் பிடுங்கிப் புரண்டு செம்மண்ணாகக் கிடந்தபோது, அந்த ஒரு மேடு மட்டும் பச்சையாக நின்றது. எங்கள் ஆட்கள் கல்லுக்கு விளக்கேற்றுவதையும் விடவில்லை. சாபமோ சாமியோ, காத்தது காத்ததுதானே என்றார்கள். எண்ணெய் மட்டும் பூச வேண்டாம், கீழே விளக்கு வையுங்கள் என்று மாத்தயா சொல்லிவிட்டுப் போயிருந்ததால் அப்படியே செய்தோம். வடைமாலைச் சண்டை மட்டும் அதற்குப் பிறகு இல்லை. நானும் சனிக்கிழமை தவறாமல் போனேன், அடுத்தடுத்துப் பிறந்த இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு.

பிறகு இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து எங்களைப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் குடும்பம் இந்தியாவின் பங்கில் விழுந்தது. சில வருடங்கள் கழித்து எங்கள் முறை வந்தது. நான் இப்போது இருக்கிற நீலகிரியிலும் தேயிலைதான். தோட்டத்தை விட்டுப் புறப்பட்ட அன்று லயம் முழுதும் ஒப்பாரி. தாயை வைத்த இடம், தகப்பனை வைத்த இடம், பிள்ளையை வைத்த இடம் என்று ஒவ்வொருவரும் ஓடி ஓடிப் போய் ஒரு பிடி மண் எடுத்து முடிந்துகொண்டார்கள். நாளைக்கு அந்த இடங்களில் மண்வெட்டி விழும் என்று அவர்களுக்குத் தெரியும். நானும் ஓடைக்கரைக்குப் போனேன். வெகு நேரம் இருந்தேன். மண் எடுக்கக் குனிந்தவளை என் வீட்டுக்காரர் தடுத்தார்.

“எடுக்காத. போர்டுல போட்டிருக்குல்ல.”

சட்டத்துக்கு அப்படிப் பயந்த மனிதர் இல்லை அவர். எனக்கு அவர் சொன்னது புரிந்தது. வெறுங்கையோடுதான் வந்தேன். எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, அவரும் போய்விட்டார், பெயர் தெரியாத அந்த மாத்தயா இருக்கிறாரோ இல்லையோ தெரியாது. இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று எங்களை வெளியே அனுப்பிய அதே மண்ணில், யாரும் கிளப்ப முடியாத ஓரிடத்தில் என் மூத்த மகளைப் பத்திரமாக வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்ற நினைப்பில்தான், அந்த மனிதருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, இன்றைக்கும் தூங்கப் போகிறேன்.